ஆகஸ்டில் நியூ ஹேவன் போகிறோம், எந்த பீட்சாவை எங்கே சாப்பிடுவது?

மீனா_கோவை (ஜூலை 14)

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் நானும் வீட்டுக்காரரும் அமெரிக்கா போகிறோம். மகள் நியூ ஹேவனில் மேற்படிப்புக்குச் சேர்கிறாள். அவளை விடுதியில் விட்டுவிட்டு அங்கே ஐந்து நாள், அப்புறம் நியூயார்க்கில் இரண்டு நாள், கடைசியாக சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் என் தம்பி வீட்டில் மூன்று நாள். பார்க்க வேண்டிய இடங்களை மகள் எழுதி வைத்திருக்கிறாள். நான் கேட்க வந்தது பீட்சாவைப் பற்றி மட்டும்.

எனக்கு பீட்சா மேல் ஆசை வந்தது 1997இல். சென்னையில் ஹாஸ்டலில் இருந்தோம். ஆறு பேர் காசு சேர்த்து ஒரே ஒரு பீட்சா வாங்கினோம். குடைமிளகாய், வெங்காயம், ஸ்வீட் கார்ன் போட்டது. எட்டுத் துண்டு இருந்தது. ஆளுக்கு ஒன்று போக மீதி இரண்டையும் ஸ்கேல் வைத்து மூன்று மூன்றாக வெட்டினோம். கூட வந்த ஆரிகானோ பொட்டலத்தில் ஒன்றைப் பிரிக்காமல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அந்த செமஸ்டர் முழுக்க அந்தப் புத்தகத்தைத் திறந்தால் பீட்சா வாசம்தான்.

இப்போது சனிக்கிழமை தோறும் வீட்டிலேயே செய்கிறேன். ஓடிஜியில் 250 டிகிரிக்கு மேல் ஏறாது. மாவு நன்றாகத்தான் வருகிறது, ஆனால் நடுப்பகுதி மட்டும் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. போன வருடம் இங்கே ஒரு உணவகத்தில் நேப்பிள்ஸ் பீட்சா என்று போட்டிருந்ததை நம்பிப் போனோம். வந்தது பாக்கெட்டில் விற்கும் ரெடிமேட் பேஸ். அதை வாயில் வைத்தவுடன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு ஏமாற்றம். அதனால்தான் இந்த முறை தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்காரர் சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. நான் மீன் வகைகள் சாப்பிடுவேன். நியூ ஹேவன் பீட்சாவுக்குப் பேர்போன ஊர் என்று மகள் சொல்கிறாள். உண்மையா? ஊருக்கு ஊர் பீட்சா எதனால் மாறுகிறது? அதில் எதை என் ஓடிஜியில் செய்ய முடியும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


போறணைச்சிவம் (ஜூலை 14)

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ஸ்கேல் வைத்து வெட்டியதை வாசித்த பிறகு, நாலு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்கிறேன். என் பெரியப்பாவுக்குச் சாவகச்சேரியில் ஒரு பேக்கரி இருந்தது. பின்பக்கம் செங்கல்லால் கட்டிய போறணை. விடியப்புறம் மூன்று மணிக்கு விறகும் சிரட்டையும் போட்டு எரிப்பார்கள். தணலை ஒரு கரைக்கு ஒதுக்கி, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, நீளப் பலகையில் பாணை, அதாவது ரொட்டியை, உள்ளே தள்ளுவார்கள். பள்ளிக்கூட விடுமுறை முழுக்க நான் அங்கேதான். 1989இல் ரொறன்ரோ வந்தேன். ஸ்காபரோவில் ஒரு பீட்சாக் கடையில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் கோப்பை கழுவினேன், பிறகு மா உருட்டினேன், பிறகு பீட்சா போடும் மேசைக்கு வந்தேன். எல்லாமாகப் பதினொரு வருஷம். குசினியில் பாதிப் பேர் எங்கள் ஆக்கள்தான். அங்கே இருந்தது பட்டியில் ஓடுகிற அவண். இந்தப் பக்கம் வைத்தால் ஏழு நிமிஷத்தில் அந்தப் பக்கம் வெந்து வரும். ஒரு பீட்சா மாதிரியே ஆயிரம் பீட்சா வரும். அந்த வேலையை நான் மதிக்கிறேன், என் பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்கள். ஆனால் அந்த அவணில் அடிப்பக்கம் ஒரு நாளும் கறுக்காது.

2008இல் கனெக்டிகட்டில் ஒரு கலியாணம். அடுத்த நாள் மச்சான் என்னை நியூ ஹேவனில் வூஸ்டர் வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனான். பிராங் பெப்பே கடை. கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், அப்படியே நின்றுவிட்டேன். அது பெரியப்பாவின் போறணை வாசனை. அங்கே எரிவது நிலக்கரி, எங்கள் ஊரில் விறகு. இருந்தாலும் குழைத்த மா சூட்டுக் கல்லில் பட்டுக் கருகுகிற வாசனை எங்கேயும் ஒன்றுதான். அதற்குப் பிறகு வருஷம் ஒரு தரமாவது காரை எடுத்துக்கொண்டு போகிறேன். ரொறன்ரோவில் இருந்து எட்டு ஒன்பது மணி நேர ஓட்டம்.

மகள் சொன்னது உண்மை. ஆனால் அங்கே அதற்குப் பெயர் பீட்சா இல்லை. பலகையில் ‘அபீட்சா’ என்று எழுதியிருக்கும், வாயால் சொல்லும்போது ‘அபீட்ஸ்’ என்பார்கள். தென் இத்தாலியில் இருந்து வந்த சனங்களின் பேச்சு அது. பெப்பே அமால்பிக் கரையில் மயோரி என்ற ஊர்க்காரர். 1925இல் தொடங்கினார். அவருடைய சகோதரியின் மகன் சால் கொன்சிலியோ 1938இல் அதே வீதியில் சாலீஸ் என்ற கடையைத் திறந்தார். ஸ்டேட் வீதியில் மொடேர்ன் என்று இன்னொன்று இருக்கிறது, அது 1934. ஊரில் ஒவ்வொரு குடும்பமும் இந்த மூன்றில் ஒன்றின் பக்கம். வீட்டுக்குள்ளேயே அண்ணனும் தம்பியும் வேறு வேறு கடைக்காரராக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது என்று கேட்டீர்கள். என் அனுபவத்தில் அதற்குக் காரணம் அடுப்புத்தான். மேலே போடுகிற சாமானைப் பற்றித்தான் எல்லோரும் கதைக்கிறார்கள். ஆனால் அந்த ஊரில் அந்த நாளில் என்ன அடுப்பு இருந்தது, என்ன எரித்தார்கள், எந்தத் தட்டில் வைத்தார்கள், ஆர் வந்து சாப்பிட்டார்கள் என்று பார்த்தால் பீட்சாவின் முக்கால்வாசிக் கதை விளங்கிவிடும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறிய இத்தாலியருக்குக் கிடைத்தது பென்சில்வேனியாவின் கடும் நிலக்கரி. புகை குறைவு, சூடு அதிகம், நெடுநேரம் நின்று எரியும், விறகில் இருக்கிற ஈரம் அதில் இல்லை. அந்தக் காய்ந்த சூட்டில் மா மெல்லிசாக, முறுகலாக, அடியில் கறுப்புப் புள்ளிகளோடு வரும். ஆனால் பிய்த்தால் உள்ளே இழுபடும். அதுதான் நியூ ஹேவன். வட்டமாகக் கூட இராது, நீள்வட்டமாக, கோணலாகக் கடதாசி விரித்த தகரத் தட்டில் வரும். புதிதாக வருகிறவர்கள் கருகிவிட்டது என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதல் கடியை நுனியில் இருந்து எடுக்காமல் கரையில் இருந்து எடுங்கள், அங்கேதான் மா கதைக்கும்.

சரி, என்ன ஓர்டர் பண்ணுவது? முதலாவது, தக்காளி மட்டும் போட்டது. நியூ ஹேவனில் ‘பிளேன்’ என்றால் தக்காளி, ஒலிவ் எண்ணெய், ஓரிகானோ, மேலே தூவிய கட்டிச் சீஸ் கொஞ்சம், அவ்வளவுதான். மொஸரெல்லா வேணுமென்றால் தனியாகக் கேட்க வேணும், அதை ‘மூட்ஸ்’ என்பார்கள். நேப்பிள்ஸில் மரினாரா என்று ஒன்று உண்டு: தக்காளி, உள்ளி (பூண்டு), ஓரிகானோ, எண்ணெய், சீஸே இல்லை. நியூ ஹேவன் பிளேன் அதற்குக் கிட்டின சொந்தம். சீஸ் இல்லாமல் என்ன பீட்சா என்று நானும் 2008இல் மச்சானிடம் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தான். மாவும் தக்காளியும் சரியாக இருந்தால் வேறொன்றும் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பதினொரு வருஷம் நான் போட்ட பீட்சாக்களில் மா ஒரு தட்டு மாதிரித்தான் இருந்தது, சாமான் ஏற்றி அனுப்புகிற தட்டு.

உங்கள் அவருக்காக ஒரு விஷயம், இதை வடிவாகக் கவனியுங்கள். மேலே தூவுகிற அந்தக் கட்டிச் சீஸ் பெக்கொரினோ ரொமானோ. செம்மறிப் பாலில் செய்வது. பாலை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுக்கிற ரெனட் சேர்ப்பார்கள். பார்மிஜானோ என்ற மற்றக் கட்டிச் சீஸுக்குக் கன்றுக்குட்டியின் ரெனட். இந்தியாவில் பச்சைப் புள்ளி போட்டு வருகிற சீஸ் மாதிரி இல்லை. அவர் சுத்த சைவம் என்றால் தூவுகிற சீஸ் வேண்டாம் என்று ஓர்டர் எடுக்கும்போதே சொல்லுங்கள். மொஸரெல்லாவுக்கு அமெரிக்காவில் பல இடங்களில் நுண்ணுயிர் ரெனட்தான் பாவிக்கிறார்கள், ஆனால் கடைக்குக் கடை மாறும், கேட்டுக்கொள்வது நல்லது. கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

உங்களுக்கு, தங்கச்சி, மட்டி. பெப்பேயின் வெள்ளை மட்டி பீட்சா. தக்காளியும் இல்லை, மொஸரெல்லாவும் இல்லை. ஓட்டில் இருந்து எடுத்த சின்ன மட்டிச் சதை, நறுக்கின உள்ளி, ஓரிகானோ, எண்ணெய், பெக்கொரினோ. மட்டியின் சாறு எண்ணெயோடு சேர்ந்து மாவுக்குள் இறங்கிவிடும். கடற்கரை ஊரில் வளர்ந்தவன் என்பதால் நான் கூடச் சொல்கிறேனோ தெரியாது, ஆனால் என் வாழ்நாளில் சாப்பிட்ட பீட்சாவில் எனக்கு அதுதான் முதலாவது.

நீங்கள் போகிற நேரமும் நல்ல நேரம். ஆகஸ்ட் கடைசி தக்காளிக் காலம். கோடையில் மட்டும் பச்சைத் தக்காளியில், அதாவது தகரத்தில் அடைக்காத புதுத் தக்காளியில் ஒரு பீட்சா போடுவார்கள். பலகையில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். கிரவுன் வீதியில் ‘பார்’ என்றே ஒரு கடை இருக்கிறது. அங்கே மசித்த உருளைக்கிழங்கு போட்ட வெள்ளைப் பீட்சா. வழமையாகப் பன்றி இறைச்சி சேர்த்துக் கேட்பார்கள், அது இல்லாமலும் தருவார்கள். குடிக்க பொக்ஸன் பார்க் சோடா கேளுங்கள். பக்கத்து ஈஸ்ட் ஹேவனில் 1922 முதல் செய்கிறார்கள். வெள்ளை பேர்ச் என்று ஒரு சுவை இருக்கிறது, குளிர்ச்சியான மரப்பட்டை வாசம். சனி ஞாயிறு பின்னேரம் வூஸ்டர் வீதிக்குப் போகாதீர்கள், வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். வார நாளில் பின்னேரம் மூன்று மணிபோல் போனால் அடுப்புக்கு முன்னால் இடம் கிடைக்கும். வெள்ளை ஓடு பதித்த அடுப்பு, பத்தடிக்கு மேல் நீளமான பலகை. அதை அவர்கள் ஆட்டி இழுக்கிற விதத்தை ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள்.

நியூயோர்க்குக்கு நியூ ஹேவனில் இருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். அங்கேயும் தொடக்கம் நிலக்கரிதான். ஸ்பிரிங் வீதியில் லொம்பார்டீஸ் 1905 என்பார்கள், கோனி ஐலண்டில் டொட்டோனோஸ் 1924, பிளீக்கர் வீதியில் ஜோன்ஸ் 1929. ஜோன்ஸில் துண்டு விற்க மாட்டார்கள், முழுப் பீட்சாதான். பிறகு வாயு அடுப்பு வந்தது. சூடு குறைவு, பாவிக்கச் சுலபம், எந்தச் சந்திலும் வைக்கலாம். அதோடுதான் துண்டாக வாங்கி, நடுவால் மடித்து, நின்றபடி சாப்பிடுகிற நியூயோர்க் பழக்கம் பரவியது. கார்மைன் வீதியில் ஜோஸ் என்ற கடை, 1975. வெறும் சீஸ் துண்டு ஒன்று, மடியுங்கள், எண்ணெய் மணிக்கட்டுக்கு ஓடாமல் தட்டைக் கீழே பிடியுங்கள். இரண்டு நாளில் அது ஒன்று, ஜோன்ஸ் ஒன்று போதும். நேரம் இருந்தால் புரூக்லினில் கிரேவ்ஸெண்ட் வரை போய் எல் அண்ட் பீ ஸ்புமோனி கார்டன்ஸில் சதுரத் துண்டு சாப்பிடலாம். சிசிலியன் வகை, தடிப்பான மா, சீஸ் கீழே தக்காளி மேலே. ஆனால் தூரம், உங்கள் கால் வலியைப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

நேப்பிள்ஸ் என்று ஏமாற்றினார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அது எனக்கும் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. 2018இல் நானும் மனைவியும் நேப்பிள்ஸ் போனோம். அங்கே விறகு அடுப்பில் 485 பாகை செல்சியஸ் அளவில், 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். 35 சென்ரிமீற்றருக்கு மேல் அகலம் கூடாது. கரை உப்பி இருக்கும், நடு ஈரமாகவே இருக்கும். அது பிழை அல்ல, அவர்கள் முறையே அப்படித்தான், கத்தியும் முள்ளும் வைத்துத்தான் சாப்பிடுவார்கள். அந்த முறையைக் காக்க 1984இல் ஒரு சங்கமே தொடங்கினார்கள், 2017இல் யுனெஸ்கோ அந்தக் கைவேலையை மானுடப் பண்பாட்டுச் செல்வம் என்று பட்டியலில் சேர்த்தது. ஆகவே உங்கள் 250 பாகை ஓடிஜியில் நேப்பிள்ஸ் வராது. உங்கள் கையில் குற்றம் இல்லை. அந்தச் சூட்டில் மா பொன்னிறமாவதற்கு முதலே காய்ந்துவிடும், நடு ஈரமும் போகாது. வேறு வகை செய்யலாம், அதை டிட்ரோயிட் பக்கத்து ஆக்கள் யாரும் சொல்லட்டும், அவர்கள் ஊர் முறைதான் உங்களுக்குப் பொருத்தம்.


நேப்பர்வில்_ராஜி (ஜூலை 15)

மீனா அக்கா, நேப்பர்வில்லா வருகிறீர்கள்! சிவம் அண்ணா நியூ ஹேவனைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் ஊரை விட்டுக்கொடுக்க முடியாது.

எல்லோரும் உங்களை டீப் டிஷ்ஷுக்குத்தான் கூட்டிப் போவார்கள். போங்கள், தப்பில்லை. 1943இல் பிட்சேரியா ஊனோ என்ற கடை ஆரம்பித்தது. ஆழமான வட்டத் தட்டு, வெண்ணெயோ எண்ணெயோ அதிகம் சேர்த்த மாவு, அதன் மேல் முதலில் சீஸ், அப்புறம் மற்றவை, எல்லாவற்றுக்கும் மேலே தக்காளி. முக்கால் மணி நேரம் வரை அடுப்பில் இருப்பதால் சீஸை மேலே வைத்தால் கருகிவிடும், அதனால்தான் இந்தத் தலைகீழ் அடுக்கு. உட்கார்ந்து காத்திருக்க முடியாது என்றால் போகும் வழியிலேயே போன் செய்து சொல்லிவிடுங்கள். கீரை போட்டது உங்கள் வீட்டுக்காரருக்குச் சரியாக இருக்கும், சீஸ் விஷயம் மட்டும் அண்ணா சொன்ன மாதிரி கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு துண்டுக்கு மேல் யாராலும் முடியாது.

ஆனால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி வாங்குவது அதை இல்லை. டேவர்ன் பீட்சா என்று ஒன்று. பீர் குடிக்கும் கடைகளில் ஆரம்பித்தது. அப்பளம் போல மெல்லிசு, மொறுமொறுவென்று இருக்கும். வட்ட பீட்சாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டுவார்கள். ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையில் பேப்பர் நாப்கின் மேல் ஒரு சதுரம், தட்டே வேண்டாம். ஓரத்தில் வரும் குட்டி முக்கோணத்துக்கு என் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். கோழி வறுவலில் கழுத்துக்குச் சண்டை வருமே, அப்படி. சிகாகோ தெற்குப் பக்கத்தில் புலாஸ்கி ரோட்டில் வீட்டோ அண்ட் நிக்ஸ் பழைய கடை. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் நேப்பர்வில்லிலேயே நல்லது கிடைக்கும், வந்ததும் சொல்லுங்கள், நானே கூட்டிப் போகிறேன். மேலே ஜியார்டினியேரா போடச் சொல்லுங்கள். மிளகாய், காலிஃப்ளவர், கேரட், செலரி எல்லாம் எண்ணெயில் ஊறினது. எனக்கு அது பீட்சா மேல் ஊறுகாய் மாதிரி.

கணவரின் அண்ணன் செயின்ட் லூயிஸில் இருக்கிறார். அங்கேயும் மெல்லிசு, சதுர வெட்டு. ஆனால் மாவில் ஈஸ்ட் கிடையாது, சீஸும் மொசரெல்லா இல்லை, புரோவல் என்று பல சீஸ்களைச் சேர்த்துப் பதப்படுத்தியது. பல்லில் ஒட்டும். எனக்குப் பிடிக்கவில்லை, அவர்கள் உயிரை விடுகிறார்கள்.


நோவை_செந்தில் (ஜூலை 16)

சிவம் அண்ணன் கூப்பிட்டபின் வராமல் இருக்க முடியுமா. டெட்ராய்ட் பக்கம் நோவையில் பதினாறு வருடமாக இருக்கிறேன். மீனா அக்கா, உங்கள் ஓடிஜிக்கு எங்கள் டெட்ராய்ட் பீட்சாதான் சரி.

1946இல் படீஸ் என்ற மதுக்கடையில் கஸ் கெரா என்பவர் ஆரம்பித்தது. வட்டத் தட்டுக்குப் பதிலாக, கார் தொழிற்சாலைகளில் உதிரிப் பாகங்கள் போட்டு வைக்கும் நீல எஃகுத் தட்டைப் பயன்படுத்தினார்கள். கனமான தட்டு, சூட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதில் எண்ணெய் தடவி, தளர்ந்த மாவைப் பரப்பி, சீஸைத் தட்டின் ஓரச் சுவர் வரை தள்ளிப் போடுவார்கள். அது உருகி வழிந்து தகரத்தில் பட்டு, தோசைக்கல் ஓரத்தில் முறுகுவது போல் முறுகிவிடும். அந்தக் கறுத்த சீஸ் ஓரம்தான் டெட்ராய்ட் பீட்சாவின் உயிர். தக்காளி சாஸை மேலே இரண்டு மூன்று கோடாகப் போடுவார்கள். இங்கே விஸ்கான்சினில் செய்யும் பிரிக் சீஸ் போடுகிறார்கள், கொழுப்பு அதிகம். கோவையில் அது கிடைக்காது. மொசரெல்லா கட்டியையும் செடாரையும் இரண்டுக்கு ஒன்று என்று கலந்துகொள்ளுங்கள். துருவ வேண்டாம், சின்னச் சதுரமாக நறுக்குங்கள்.

என் அளவு: 8க்கு 10 அங்குலத் தட்டு. மைதா 200 கிராம், தண்ணீர் 140 மில்லி, உப்பு 4 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் அரை டீஸ்பூன். கையில் ஒட்டும், பரவாயில்லை, கூட மாவு சேர்த்துவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள், நம் ஊர் வெயிலில் ஒன்றேகால் மணி நேரமே போதும். எண்ணெய் தடவிய தட்டில் மூலை வரை இழுத்துவிட்டு மறுபடி ஒரு மணி நேரம். சுருங்கினால் பத்து நிமிடம் விட்டு மறுபடி இழுங்கள், அதட்ட வேண்டாம். சீஸ் 180 கிராம். ஓடிஜியை 250இல் அரை மணி நேரம் முன்பே சூடாக்குங்கள், விளக்கு அணைந்தவுடன் வைத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் இரும்பும் சூடேற வேண்டும். அடித்தட்டில் வைத்து 13 முதல் 15 நிமிடம். சாஸை முன்பே கெட்டியாகக் காய்ச்சிக்கொண்டு கடைசியில் போடுங்கள். உங்கள் நடுப்பகுதி ஈரத்துக்குப் பாதிக் காரணம் சாஸின் தண்ணீர் என்றுதான் நினைக்கிறேன். மெல்லிய அலுமினியத் தட்டு வேண்டாம். கறுத்த தகரத் தட்டோ, வார்ப்பிரும்புச் சட்டியோ வையுங்கள்.


மீனா_கோவை (ஜூலை 20)

சனிக்கிழமை செந்தில் தம்பி சொன்ன அளவிலேயே செய்தேன். என் வார்ப்பிரும்புச் சட்டி வட்டம்தான். ஆனாலும் ஓரத்தில் சீஸ் முறுகி ஒரு வளையமே வந்தது! நடு ஈரம் போயே போய்விட்டது. வீட்டுக்காரர் அந்த ஓரத்தை மட்டும் சுற்றி வந்து உடைத்துச் சாப்பிட்டார். சிவம் அண்ணா, தூவும் சீஸ் விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. ராஜி, உங்கள் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.


மீனா_கோவை (செப்டம்பர் 11)

திரும்பி வந்துவிட்டோம். நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நியூ ஹேவனில் மூன்று தடவை வூஸ்டர் தெருவுக்குப் போனோம். முதல் நாள் செவ்வாய்க்கிழமை, அண்ணா சொன்ன மாதிரி மூன்று மணிக்கு. பிளேன் ஒன்று, தூவும் சீஸ் இல்லாமல். மட்டி ஒன்று. அந்தத் தக்காளி பீட்சாவை வீட்டுக்காரர் பேசாமல் நான்கு துண்டு சாப்பிட்டார். அப்புறம் “இது நம்ம தக்காளித் தொக்கும் முறுகல் தோசையும் மாதிரி இருக்குதுங்க மீனா, ஆனா ரெண்டும் இல்ல” என்றார். மட்டி பீட்சாவைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. முதல் கடியிலேயே மகள் கையைப் பிடித்துக்கொண்டேன். புதுத் தக்காளி பீட்சா பலகையில் இருந்தது, அதற்காகவே மறுநாளும் போனோம். மகள் இனி நான்கு வருடம் அந்த ஊரில்தான் இருக்கப் போகிறாள் என்று நினைத்தபோது, பிரிகிற கஷ்டம் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது தடவை வரிசையில் ஐம்பது நிமிடம். எங்கள் முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா, தன் பாட்டியும் இதே வாசலில்தான் நின்றார் என்றார்.

நியூயார்க்கில் துண்டை மடித்துச் சாப்பிட்டோம், ஜோன்ஸிலும் உட்கார்ந்தோம். புரூக்லின் போக முடியவில்லை. நேப்பர்வில்லில் ராஜி வீட்டுப் பிள்ளைகளோடு டேவர்ன் பீட்சா, எனக்கு இரண்டு குட்டி முக்கோணம் விட்டுக்கொடுத்தார்கள். ஜியார்டினியேரா இரண்டு பாட்டில் பெட்டியில் வந்திருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி, சிவம் அண்ணாவுக்கு. உக்கடம் பக்கம் விறகடுப்பு வைத்த பழைய பேக்கரி ஒன்று இருக்கிறது. அந்த முதலாளியிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை பன் எல்லாம் எடுத்த பிறகு அடுப்பு சும்மாதான் இருக்கும், வந்து போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். வெப்பமானி எதுவும் கிடையாது. சூடு சரியா என்று எப்படிப் பார்ப்பது?


போறணைச்சிவம் (செப்டம்பர் 11)

தங்கச்சி, இதை வாசித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டு அவளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

பெரியப்பா வெப்பமானி பாவித்ததே இல்லை. தணலை ஒதுக்கித் தரையைத் துடைத்த பிறகு ஒரு பிடி கோதுமை மாவை உள்ளே தரையில் தூவுவார். விழுந்ததும் கறுத்தால் சூடு கூடிப்போச்சு, கதவைத் திறந்து கொஞ்சம் ஆற விடுங்கள். ஆறுதலாகப் பழுப்பானால் அது பாணுக்குச் சரி, பீட்சாவுக்குக் காணாது. பத்து எண்ணுவதற்குள் பிஸ்கட் நிறம் வந்தால் உடனே பலகையைத் தள்ளுங்கள். பன் எடுத்த பிறகு சூடு இறங்கித்தான் இருக்கும், ஆகவே ஒரு கரையில் நாலு சிராய் விறகு புதிதாகப் போட்டு, சுவாலை கூரையில் படுகிற அளவுக்கு எரிய விட்டு, அது எரியும்போதே பக்கத்தில் பீட்சாவை வையுங்கள். ஒரு நிமிஷம் கழித்துக் கட்டாயம் திருப்ப வேணும், நெருப்புப் பக்கம் கெதியாகக் கறுக்கும். முதல் இரண்டும் பழகுவதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், மாவை ஆறு பேருக்குக் காணுமளவு குழையுங்கள். முதலாவதில் தக்காளி மட்டும் போடுங்கள். பேக்கரிக்காரருக்கும் ஒரு துண்டு கொடுங்கள்.